வாக்குத்தத்த அட்டையில் ஆறு இடம் கேட்டு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதக ஐயர்மாருக்கும், பாஸ்டர்மாருக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவன் எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கன்வென்ஷன் நோட்டீஸ், அடக்க ஆராதனைத் தாள் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். நவம்பர் பிறந்துவிட்டால் வாக்குத்தத்த அட்டைதான், வருஷப் பிறப்பு ராத்திரி கோயிலில் ஆளுக்கொன்றாக எடுக்கிற, வேத வசனம் அச்சடித்த சின்ன அட்டை. உங்களில் சிலர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி புரூஃப் பார்த்திருக்கிறீர்கள். எந்தச் சபையையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். முதலில் குறுகுறுத்தது என் நெஞ்சுதான், அதனால்தான் எழுதுகிறேன்.

என் கம்ப்யூட்டரில் 'பிராமிஸ் 24' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. 12-க்கு 18 ஷீட்டில் விசிட்டிங் கார்டு அளவு அட்டை 24 பிடிக்கும். ஆகவே வசனமும் 24. ஆயிரத்து இருநூறு பேர் வருகிற கோயில் என்றால் 50 ஷீட், வீணாவதற்கு இரண்டு மூன்று சேர்த்துக்கொள்வோம். பல வருஷமாக அதே 24 வசனம்தான். மேலே கோயில் பெயரையும் வருஷத்தையும் மாற்றுவோம், பின்னால் புறா இருந்த இடத்தில் சூரிய உதயம் வைப்போம், அவ்வளவுதான். 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்', 'சின்னவன் ஆயிரமும் சிறியவன் பலத்த ஜாதியுமாவான்', 'அவன் செய்வதெல்லாம் வாய்க்கும்', 'நான் தாழ்ச்சியடையேன்'. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, ஜனங்கள் வரிசையாக அட்டை வைத்த தட்டை நோக்கி வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுப்பார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற எட்டு வயதுப் பையனுக்கு 'உன் மனைவி உன் வீட்டோரங்களில் கனிதரும் திராட்சக்கொடியைப்போல் இருப்பாள்' என்று வந்தது. அவன் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அதே அட்டை, கணவர் இறந்து ஆறு மாதம்கூட ஆகாத ஓர் அத்தையின் கையிலும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். சிலர் பிடிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. ரதவீதி ஓரத்துக் கிளி ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் கடைக்கு வருகிற ஒரு நண்பர் கேட்டார். கிளி இல்லை என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

இந்தச் சங்கடம் புதிதும் அல்ல. சுமார் 1,600 வருஷத்துக்கு முன்னால் திருச்சபைத் தந்தை அகஸ்தீன், யனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்க்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறார். பேய்களிடம் போய்க் கேட்பதற்கு இது தேவலை, ஆனாலும் மறுமைக்காகப் பேசுகிற வார்த்தையை உலக விவகாரத்துக்குத் திருப்புவது எனக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் கருத்து.

ஆனாலும் நான் அட்டைக்கு எதிரி இல்லை. அதில் என் பிழைப்பு இருக்கிறது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் அம்மா. கடைசி ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோது அவள் கைப்பையில் ஓர் அட்டை இருந்தது. 'நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்', ஏசாயா 41:10. நான் அடித்த அட்டைதான். மூலை மடங்கி, மஞ்சளடித்து, மாத்திரைக் கவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஊசி போடுகிற நேரத்தில் அதை எடுத்துப் படிக்கக்கூட மாட்டாள், தொட்டுக்கொள்வாள். ஆறுதல் வசனத்தைக் கேலி செய்கிறவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் இரவு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் அந்த 24-ஐயும் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்பது வேறு ஆறு வசனத்துக்கு ஆறே ஆறு இடம்.

காரணத்தைச் சொல்ல என் தொழில் ரகசியம் ஒன்றை உடைக்க வேண்டும். உபாகமம் 28:13-ஐ முழுசாக அட்டையில் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. அந்த வசனம் பாதியில்தான் 'வாலாக்காமல் தலையாக்குவார்' என்கிற இடத்துக்கு வருகிறது. முன்பாதி, 'இன்று நான் உனக்கு விதிக்கிற உன் தேவனாகிய கர்த்தரின் கட்டளைகளைக் கைக்கொள்ளவும், அவைகளின்படி நடக்கவும், அவைகளுக்குச் செவிகொடுத்துவந்தால்' என்று போகிறது. அந்த 'வந்தால்' அட்டையில் கிடையாது. முதன்முதலில் ஒரு சேகரத்துக்கு இந்த வசனத்தை முழுசாகத்தான் கம்போஸ் செய்தேன். எழுத்து எட்டு பாயிண்டுக்கு இறங்கிவிட்டது. புரூஃப் பார்க்க வந்தவர், "வயசானவங்க படிக்க முடியாது தம்பி, முன்னால உள்ளத எடுத்துருங்க" என்றார். எடுத்தேன். பன்னிரண்டு பாயிண்டில் அழகாக உட்கார்ந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கப் போய் ஓர் உடன்படிக்கையின் நிபந்தனை கழன்று விழுந்தது. அன்றிலிருந்து நானும் எல்லாச் சபைக்கும் அதே பாதியைத்தான் அடித்துக் கொடுக்கிறேன்.

அச்சுக்காரன் என்பதால் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளை வைத்து அச்சடிக்கத் தொடங்கினால் ஒவ்வோர் எழுத்தும் பெரிசு பெரிசாக நிற்கிறது, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அவர்களுக்கும் எழுத்தளவுதான் தலைவலி. தரங்கம்பாடியிலேயே ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்துக்கொண்டு 1715-இல் முழுப் புதிய ஏற்பாட்டையும் அடித்து முடித்தார்கள். அவர்கள் வெட்டியது எழுத்தின் அளவை. நான் வெட்டியது வசனத்தை.

பாதி வசனம் சொல்கிறவர் வேதத்திலேயே ஒருவர் இருக்கிறார். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்திவைத்துக் குதிக்கச் சொல்லும்போது பிசாசு எடுத்துச் சொல்கிற வாக்குத்தத்தம் 91-ஆம் சங்கீதம். சங்கீதத்தில் 'உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி' என்று இருக்கிறது. மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பிசாசு சொல்லும்போது 'உன் வழிகளிலெல்லாம்' காணாமல் போயிருக்கிறது. பாயிண்ட் சைஸ் பிரச்சினை அங்கே இல்லை.

சரி, இனி என் கதை.

எங்கள் கடையில் கட்டிங் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தம்பி என்பார். பிளேடு இறங்குகிற சத்தத்தை வைத்தே முனை மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். அட்டைகளை நூறு நூறாகத் தட்டி, நாலு மூலையும் உருட்டி வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு அடுக்குவது அவர் கைவேலை. சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி. போன டிசம்பரில் இரண்டு சனிக்கிழமை தவறிவிட்டது. கிறிஸ்துமஸ் நெருக்கடியில் ராத்திரி பதினொரு மணி வரை நின்று வெட்டியவர் அவர். எனக்கு வரவேண்டிய பணம் பல இடத்தில் நின்றது. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. டெலிவரி எடுத்துக்கொண்டு, பண்டிகை முடியட்டும், காணிக்கை எண்ணிவிட்டுத் தருகிறோம் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான பேச்சு.

31-ஆம் தேதி மத்தியானம் அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். நான் கடைசிச் சபைக்கான அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இன்னைக்கு ஏதாச்சும் கிடைக்குமா? பேத்தி வந்திருக்கு."

"அண்ணாச்சி, ஜனவரி மொத வாரம் பாத்துருவோம். நமக்கே வரல."

"சரி தம்பி."

சண்டை இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பெட்டியைத் தூக்கி என் வண்டியில் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். வரவில்லை என்று நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. மேசை இழுப்பறையில் காகிதக் கடைக்காரருக்கு என்று எடுத்துவைத்த பணம் இருந்தது. அவருக்குக் கொடுக்காவிட்டால் கடன் சரக்கு நின்றுவிடும். அண்ணாச்சிக்குக் கொடுக்காவிட்டால் என்ன நின்றுவிடும்? ஒன்றுமில்லை. திங்கட்கிழமை வந்து அதே மெஷினில் நிற்பார். இந்தக் கணக்கை நான் யோசித்துப் போடவில்லை. மனம் தானாகவே போட்டுவைத்திருந்தது.

அன்று ராத்திரி எனக்கு வந்த அட்டை ஏசாயா 58:11. 'கர்த்தர் நித்தமும் உன்னை நடத்தி, மகா வறட்சியான காலங்களில் உன் ஆத்துமாவைத் திருப்தியாக்கி' என்று தொடங்குகிற வசனம். நீர்ப்பாய்ச்சலான தோட்டம், வற்றாத நீரூற்று எல்லாம் அதில்தான் வரும். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் வசன எண் சரியா என்று பைபிளை எடுத்துப் பார்த்தேன். முன்பு ஒருமுறை எண்ணைத் தப்பாக அடித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன், அதிலிருந்து இந்த வியாதி. எண் சரிதான். கண் கொஞ்சம் மேலே போனது.

அந்த அதிகாரம் உபவாசத்தைப் பற்றியது. நாங்கள் உபவாசம் இருக்கிறோம், நீர் ஏன் கவனிக்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். அதற்கு வருகிற பதில் மூன்றாம் வசனத்தில் இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது 'உங்கள் வேலைகளையெல்லாம் கட்டாயமாய்ச் செய்கிறீர்கள்' என்று கொஞ்சம் மூடலாக இருக்கும். 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைப் பாருங்கள், வேலையாள்களை ஒடுக்குகிறீர்கள் என்று நேராகவே சொல்கிறது. எபிரெயத்திலும் விஷயம் அதுதான். அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ், பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு, அப்போது நீ நீர்ப்பாய்ச்சலான தோட்டம் போல் இருப்பாய் என்று போகிறது அதிகாரம். நான் கையில் வைத்திருந்தது வாலை மட்டும். தலை மூன்றாம் வசனத்தில் கிடந்தது. பெரிய மனமாற்றம் என்று ஒன்றும் எண்ணிவிட வேண்டாம். அன்றைக்கு நன்றாகவே தூங்கினேன். ஜனவரி இரண்டாம் தேதி இழுப்பறையைத் திறந்து அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். பேத்தி அதற்குள் ஊருக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் நான் கூலியைப் பற்றிய வசனங்களைத் தேடிப் படித்தேன். 'கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது' என்கிறது லேவியராகமம் 19:13. ஒரு ராத்திரிகூட உன் வீட்டில் தங்கக் கூடாதாம். உபாகமம் 24:15 இன்னும் முந்துகிறது. 'அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே' கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் 'அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்'. ஆவல் என்ற சொல்லைப் பாருங்கள். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறவருடைய முகம் அந்தச் சொல்லில் இருக்கிறது. நம் நாட்டில் 1936-இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்றது. மோசே ஏழு நாள் தரவில்லை. சூரியன் மறைவதற்குள் என்கிறார்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத் தோட்ட உவமையை நூறு பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். முந்தினோர் பிந்தினோர், கிருபை, எஜமானுடைய தயாளம் எல்லாம் பேசுவார்கள், சரிதான். ஆனால் எட்டாம் வசனம் 'சாயங்காலத்தில்' என்று தொடங்குகிறது. எஜமான் காரியக்காரனைக் கூப்பிட்டு, வேலையாட்களுக்குக் கூலி கொடு என்கிறார். உபாகமம் சொன்ன அதே பொழுது, அதே நாள். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் நாள் முழுக்க உழைத்தவனைப் போலவே ஒரு பணம் கொடுத்த அந்த எஜமான், முதலில் யாரையும் நாளைக்கு வா என்று அனுப்பாதவர். இயேசுவின் கதை கேட்டவர்களில் கூலிக்காரர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் காதில் அந்த 'சாயங்காலத்தில்' பட்டிருக்கும்.

அப்புறம் யாக்கோபு. 'உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது' (5:4). எழுவாய் எது என்று ஒரு தமிழ் வாத்தியார் போலப் பாருங்கள். முதலில் கூக்குரலிடுவது வேலைக்காரர் இல்லை, கூலி. பணம் கத்துகிறது. அண்ணாச்சி 'சரி தம்பி' என்று போய்விட்டார், அவர் வாய் திறக்கவில்லை. கத்தியது என் இழுப்பறை. சம்பளப் பிடித்தம் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பிடித்தம்தான் இந்தப் 'பிடிக்கப்பட்டு'.

இவற்றை அட்டையில் போடச் சொன்னால் நீங்கள் சொல்லப் போகிற பதில் எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஓர் ஐயரிடம் சொல்லிப் பார்த்தேன். அன்பாகவே கேட்டார். "அது கட்டளைல்லா, வாக்குத்தத்தம் இல்லையே. வருஷத்து மொத நாள்ல ஜனங்களை மெரட்டவா?" என்றார். நியாயமான கேள்விதான், வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. எனக்குத் தோன்றியது இதுதான். உபாகமம் 24:15-ஐ நான் எடுத்தால் அது கட்டளை. அதே அட்டையை அண்ணாச்சி எடுத்தால்? உன் கூலி பொழுது சாய்வதற்குள் உன் கைக்கு வரும், வராவிட்டால் உன் முறையீட்டை நான் கேட்பேன் என்று கர்த்தர் அவருக்குக் கொடுத்த வார்த்தை அது. அவரைப் பொறுத்தவரை அந்த ஷீட்டிலேயே அதைவிட நேரடியான வாக்குத்தத்தம் கிடையாது. 'சின்னவன் ஆயிரமாவான்' என்று அவர் கையில் கொடுத்து அனுப்புகிறோம். அந்தச் சின்னவன் ஆயிரமாவதற்கு முன்னால் சனிக்கிழமைக் கூலி வரவேண்டாமா? அது வருகிற வழி என் இழுப்பறை. கர்த்தர் அவருக்குச் சொன்னதை என்னைக்கொண்டுதான் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. நான் என் அட்டையை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் அவருடைய அட்டை பொய்த்துப்போகும்.

ஆகவே ஆறு இடம் கேட்கிறேன். முதல் இரண்டு, லேவியராகமம் 19:13-உம் உபாகமம் 24:15-உம். ஒரே விஷயத்துக்கு இரண்டு எதற்கு என்று கேட்பீர்கள். 24 அட்டையில் செழிப்பைப் பற்றி மட்டும் ஒன்பது இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, நீதிமொழிகள் 11:1. 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.' நம் சபைகளில் கடை வைத்திருக்கிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் இதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினால் போதும், தனியாகச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர்களே வாசித்துக்கொள்வார்கள்.

நான்காவது யாத்திராகமம் 23:8. 'பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி' என்று வரும். பரிதானம் என்றால் லஞ்சம். தேர்தல் வருகிற வருஷத்தில் தட்டில் இது கிடந்தால் யார் கைக்குப் போகும் என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது. எந்தத் தேர்தல் என்று நான் சொல்லவில்லை, நாட்டில் எத்தனையோ தேர்தல்.

ஐந்தாவது யாக்கோபு இரண்டாம் அதிகாரம். இது தமிழில் படிப்பவர்களுக்கென்றே அமைந்ததுபோல் ஒன்று. பொன்மோதிரக்காரரும் கந்தைக்காரரும் ஆலயத்துக்குள் வருகிறார்கள். முதலாமவரிடம், 'ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்.' இரண்டாமவரிடம், 'நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு.' கிரேக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே 'நீ'தான், 'ஐயா'வும் கிடையாது. தமிழில் பெயர்த்தவர்களுக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறது. மோதிரம் போட்டவரிடம் ஒருவன் 'நீ' என்று பேசமாட்டான், கந்தை கட்டியவரிடம் 'நீர்' என்று பேசமாட்டான் என்று தெரிந்து, பாரபட்சத்தை விகுதியிலேயே வைத்துவிட்டார்கள். இடம் கொடுக்கிறோமா என்பது பிறகு. கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவை நாம் என்னவென்று கூப்பிடுகிறோம்? உபதேசியாருக்கு 'வாங்க', அந்த அம்மாவுக்கு 'ஏ, இங்க வா'. அந்த அம்மாவுக்கு மாதச் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது என்று கமிட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் எங்கள் சபையில் தெரியாமல்தான் இருந்தது. கேட்ட பிறகு தெரிந்துகொண்டேன், இங்கே எழுதவில்லை.

ஆறாவது எரேமியா 29:7. இதை வைப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. 24-இல் ஏற்கெனவே 29:11 இருக்கிறது, 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே'. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டிலெல்லாம் அது ஃபிரேம் போட்டுத் தொங்கும். அதுவும் ஒரு மடலின் நடுவில் வருகிற வரிதான். எரேமியா எருசலேமிலிருந்து, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதி அனுப்பியது. அவர்கள் ஊருக்கு எப்போது திரும்புவோம் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி முந்தின அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார், கைதட்டலும் வாங்கியிருப்பார். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். கேட்டவர்களில் முப்பது வயதுக்காரர் யாரும் உயிரோடு திரும்பப் போவதில்லை. அதுவரைக்கும் என்ன செய்ய? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், 'அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்'. ஏழும் பதினொன்றும் ஒரே கடிதத்தின் இரண்டு வரி. பதினொன்றை மட்டும் கிழித்துக் கொடுத்தால் எரேமியாவின் கடிதம் அனனியாவின் கடிதமாகிவிடுகிறது.

அட்டையே வெளிநாட்டுப் பழக்கம், அதில் என்ன இவ்வளவு ஆராய்ச்சி என்று சிலர் சொல்லலாம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் 1728-இல் ஒவ்வொரு நாளும் ஒரு வசனத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லத் தொடங்கினார்கள். 1731-இலிருந்து புத்தகமாக அச்சாகி இன்றுவரை வருகிறது. அவர்களும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதற்கு வைத்த பெயர் லோசுங். காவல் மாறும்போது சிப்பாய்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அடையாளச் சொல்லுக்கு அந்தப் பெயர் உண்டு. காலையில் அதை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். எனக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கிற சீட்டுக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள்.

இன்னொரு தயக்கமும் உங்களுக்கு இருக்கும். ஒருவர் வருஷப் பிறப்பன்று கள்ளத்தராசு அட்டையை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவர் என்ன நினைப்பாரோ என்று கூசிப்போவாரே என்று. கூசலாம்தான். திராட்சக்கொடி அட்டையோடு உட்கார்ந்திருந்த அத்தையின் கூச்சத்தை விட அது பெரிதில்லை. பிடிக்காதவர்கள் வழக்கம்போலத் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்ளட்டும். தட்டில் கடைசியாக என்னென்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று உபதேசியாரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வருஷத்துக்குப் பிரசங்கத் தலைப்பு தேட வேண்டியதில்லை.

கடைசியாக வேலை விஷயம். ஆறு வசனத்தையும் கம்போஸ் செய்து புரூஃப் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றோடு உபாகமம் 28:13-ஐயும் 'வந்தால்' சேர்த்து முழுசாகப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கத்தில் பத்து பாயிண்டில் பாதிதான் கொள்கிறது. மீதியைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பின்பக்கத்தில் இப்போது ஐயர் படமும், கமிட்டி உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரின் பெயரும், புத்தாண்டு வாழ்த்தும் இருக்கின்றன. அவற்றை எடுத்தால் வசனத்துக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். எடுக்கலாமா என்று கமிட்டியில் பேசிச் சொல்லுங்கள். நவம்பர் 15-க்குள் சொன்னால் பிளேட் போட வசதி.

ஆர்டரோடு பாதிப் பணம் அட்வான்ஸ். மீதியை அட்டை எடுத்துப் போகிற அன்றைக்கு, பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிட்டால் அண்ணாச்சிக்குச் சனிக்கிழமை கொடுக்க எனக்குச் சாக்கு இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் அட்டைகளை அடிக்கிறவன்
பாளையங்கோட்டை